மறுபடி விழுந்தால்?

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தெருவொன்றில் 1960ஆம் ஆண்டு ஒரு மாலைப் பொழுது. லாரன்ஸ் ராபின்சன் என்பவரின் கைகளைக் காவலர் ஒருவர் திருப்பிப் பார்த்தார். வலது கையின் உட்பக்கம் தழும்பேறி நிறம் மாறியிருந்தது. இடது முழங்கை மடிப்புக்குக் கீழே ஊசித் தடங்கள், காய்ந்த ஒரு பொருக்கு. எப்போதாவது போட்டுக்கொள்வதுண்டு என்று அவர் ஒப்புக்கொண்டதாகக் காவலர் பின்னால் சாட்சி சொன்னார். மறுநாள் காலை சிறையில் அவரைப் பார்த்த இன்னொரு அதிகாரியோ, அப்போது அவர் போதையிலும் இல்லை, போதை கிடைக்காத தவிப்பிலும் இல்லை என்று சொன்னார். ஆனாலும் தண்டனை விழுந்தது. போதைக்கு அடிமையாக இருப்பதே குற்றம் என்றது அன்றைய கலிபோர்னியச் சட்டம். குறைந்தது 90 நாள் சிறை.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1962 ஜூன் மாதம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. சளி பிடித்ததற்காக ஒருவரை ஒரே ஒரு நாள் சிறையில் வைத்தாலும் அது கொடுமையான தண்டனைதான் என்ற பொருள்பட எழுதினார் நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட். அடிமைத்தனம் நோய், குற்றம் அல்ல என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதைக் கேட்க ராபின்சன் இல்லை. முந்தைய ஆண்டே அவர் இறந்துபோயிருந்தார். தீர்ப்பெழுதிய நீதிபதிகளுக்கு அது தெரியாது.

தீர்ப்பு பெரியது, அது திறந்த வாசல் சிறியது. நோயாளியாக இருப்பது குற்றமில்லை என்றாலும் போதைப்பொருளைக் கையில் வைத்திருப்பது குற்றம்தான். பொருளைத் தொடாத அடிமை எங்கே இருக்கிறார்? ஆகவே முன்வாசலில் விடுவிக்கப்பட்டவர் கொல்லைப்புறமாக அதே சிறைக்குள் போனார்.

போதையில் சிக்கியவரை நீதிமன்றம் எப்படி நடத்துகிறது என்பதை நான் ஒரே ஒரு இடத்தில் நின்றுதான் பார்க்கிறேன். இனித் தொடமாட்டேன் என்று சொன்னவர் மறுபடி தொட்டுவிட்டால் என்ன செய்கிறார்கள்? நம் வீடுகளில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: “மறுபடி ஆரம்பிச்சுட்டான்.” அதைச் சொல்லும் அம்மாவின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த நோயின் நடுப்புள்ளி அதுதான் என்று. அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த அறுபது ஆண்டுகளில் மாறியதும் மாறாததும் அந்த ஒரு வார்த்தைக்கு அவை கொடுத்த பதிலில்தான் இருக்கிறது.

முதலில் கொடுத்த பதில் இன்னும் நீளமான சிறை. 1973இல் நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்கெஃபெல்லர் கொண்டுவந்த சட்டப்படி, இரண்டு அவுன்ஸ், அதாவது ஐம்பத்தேழு கிராம் அளவு, ஹெராயின் விற்றவருக்குக் குறைந்தபட்சம் 15 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். நீதிபதி இரக்கப்பட்டாலும் அதற்குக் கீழே இறங்க முடியாது. 1986 ஜூனில் லென் பயஸ் என்ற இளம் கூடைப்பந்து வீரர் கோகெய்ன் எடுத்து இறந்தபோது நாடே பதறியது. அந்தப் பதற்றத்திலேயே அக்டோபருக்குள் கூட்டரசுச் சட்டம் ஒன்று பிறந்தது. கிராக் எனப்படும் கட்டிக் கோகெய்ன் 5 கிராம் விற்பதற்காக வைத்திருந்து பிடிபட்டால் 5 ஆண்டு கட்டாயச் சிறை. பொடிக் கோகெய்னுக்கு அதே தண்டனை கிடைக்க 500 கிராம் வேண்டும். கட்டி வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். ஒரே பொருளுக்கு நூறு மடங்கு வேறுபாடு. 2010இல்தான் அதைப் பதினெட்டு மடங்காகக் குறைத்தார்கள். அதுவும் எனக்கு நியாயமாகப் படவில்லை. 1980இல் போதை வழக்குகளுக்காக அமெரிக்கச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 40,000 பேர். பின்னாளில் அந்த எண்ணிக்கை நான்கு லட்சத்தைத் தாண்டியது.

மாற்றம் தொடங்கியது மயாமியில். கடல் வழியாக வந்திறங்கிய கோகெய்னில் அந்த ஊர் மூழ்கிக்கொண்டிருந்தது. பிடித்தவர்களை அடைக்கச் சிறையில் இடமில்லை. கூட்டத்தைக் குறைக்காவிட்டால் கூட்டரசு நிதி நின்றுவிடும் என்ற நெருக்கடி வேறு. இதுதான் தொடக்கம் என்பதை மறைக்கத் தேவையில்லை. பெரிய சீர்திருத்தங்கள் எல்லாமே கருணையில் பிறப்பதில்லை, சில இட நெருக்கடியிலும் பிறக்கும். நீதிபதி ஹெர்பர்ட் க்ளைன் தன் வழக்கமான பணியிலிருந்து ஒதுங்கி, இதற்கு ஒரு வழி தேடும் வேலையில் இறங்கினார். தலைமை நீதிபதி ஜெரால்ட் வெதரிங்டன், மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜேனட் ரீனோ, ஏழைகளுக்காக வாதாடும் அரசுப் பாதுகாப்பு வழக்கறிஞர் பென்னட் ப்ரம்மர் ஆகியோர் கைகோத்தார்கள். 1989இல் முதல் போதை நீதிமன்றம் உட்கார்ந்தது. அதன் முதல் நீதிபதி ஸ்டான்லி கோல்ட்ஸ்டைன்.

அங்கே என்ன புதிது என்பது, நம் ஊர் நீதிமன்றத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவருக்கு உடனே விளங்கும். இங்கே பெயர் கூப்பிடுவார்கள். வழக்கறிஞர் எழுவார். எதிர்த்தரப்பு எழும். நீதிபதி அடுத்த வாய்தாவின் தேதியைச் சொல்வார். கூண்டில் நிற்பவரின் குரல் யாருக்கும் தேவைப்படாது. தன் வழக்கில் என்ன நடந்தது என்று தெரியாமலே வெளியே வந்து, “என்ன சார் சொன்னாங்க?” என்று வக்கீலைக் கேட்பார். மயாமியில் நீதிபதி வழக்கறிஞர்களைத் தாண்டி நேரே அந்த மனிதரிடம் பேசினார். சிகிச்சைக்குப் போனாயா, வேலை கிடைத்ததா, வீட்டில் யார் இருக்கிறார்கள், இந்த வாரச் சோதனை என்ன சொல்கிறது. மேசையில் அவருடைய சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவு இருக்கும். அவர் பொய் சொன்னால் அது தெரிந்துவிடும். உண்மை சொன்னாலும் தெரியும்.

அரசு வழக்கறிஞரும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் அங்கே மல்லுக்கட்டுவதில்லை. விசாரணைக்கு முன்பே சிகிச்சை ஆலோசகரோடு உட்கார்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் பேசி முடித்திருப்பார்கள். முதல் சில நாள் உடம்பிலிருந்து போதையை இறக்குவது, பிறகு சில மாதம் ஆலோசனை, பிறகு படிப்பு, வேலை என்று ஏறக்குறைய ஓராண்டு. முடித்தால் வழக்கே கைவிடப்படும். முடிப்பவருக்கு நீதிமன்ற அறையில் எல்லாரும் கைதட்டுவார்கள். ‘அமைதி காக்க’ என்று எழுதி வைக்கும் இடத்தில் நீதிபதியும் காவலரும் கைதட்டும் ஓசையைக் கற்பனை செய்து பாருங்கள். தொடக்க நாட்களில் காது மடலில் அக்குபஞ்சர் ஊசி குத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதி. ராபின்சனைச் சிறைக்கு அனுப்பியது ஊசித் தடம். மயாமியில் அதே நோய் கொண்டவர்கள் காதில் ஊசியோடு வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

இனி அந்தக் கேள்வி. மறுபடி தொட்டுவிட்டால்? மயாமியின் பதில்தான் அந்த முயற்சியின் உயிர் என்று நினைக்கிறேன். தொடக்கத்தில் சோதனை தவறினால் உடனே வெளியேற்றவில்லை. தவறும் என்று எதிர்பார்த்தார்கள். கண்டித்தார்கள், சிகிச்சையை முதல் கட்டத்துக்குத் திருப்பினார்கள், சில சமயம் சில நாள் சிறையில் வைத்து மறுபடி சிகிச்சைக்கு அழைத்துவந்தார்கள். கதவு மட்டும் மூடப்படவில்லை.

ரீனோ 1993இல் அமெரிக்காவின் தலைமைச் சட்ட அதிகாரியானார். மறு ஆண்டு வந்த கூட்டரசுக் குற்றச் சட்டம், கடுமையான தண்டனைகளுக்கு நடுவே, போதை நீதிமன்றங்களுக்கும் பணம் ஒதுக்கியது. ஒன்று பத்தானது, பத்து நூறானது. இன்று போதை, குடி, முன்னாள் படைவீரர், குடும்பம் என்று பலவகைச் சிகிச்சை நீதிமன்றங்கள் 4,000க்கும் மேல் அந்த நாட்டில் நடக்கின்றன.

பலன் இருந்ததா? 23 போதை நீதிமன்றங்களை வழக்கமான நீதிமன்றங்களோடு ஒப்பிட்டு ஒன்றரை ஆண்டு பின்தொடர்ந்த பெரிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. கடந்த ஓராண்டில் போதைப்பொருள் எடுத்ததாகச் சொன்னவர்கள் வழக்கமான வழியில் போனவர்களில் 76 சதவீதம், போதை நீதிமன்றத்துக்கு வந்தவர்களில் 56 சதவீதம். குற்றச் செயலில் இறங்கியதாகச் சொன்னவர்கள் அங்கே 53, இங்கே 40. வேறுபாடு உண்மையானது. ஆனால் அந்த 56ஐ இன்னொரு முறை பாருங்கள். வெற்றி என்று எல்லாரும் கொண்டாடும் குழுவிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு முறையாவது மறுபடி தொட்டிருக்கிறார்கள். நழுவுவது தோல்வி என்றால் இந்த நீதிமன்றங்களும் தோற்றவைதான். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. இவர்களை மாற்றியதில் பெரும்பங்கு நீதிபதிக்கு. நம்மை மதிக்கிறார், நாம் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார், நியாயமாக நடத்துகிறார் என்று யாருக்குத் தோன்றியதோ அவர் அதிகம் தேறினார்.

மயாமியின் பொறுமை எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேரவில்லை. பல இடங்களில் முதலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் சிகிச்சை என்றார்கள். ஒப்புக்கொண்டு உள்ளே வந்து, பல மாதம் போராடி, கடைசியில் வெளியேற்றப்பட்டவருக்கு ஏற்கெனவே கையெழுத்திட்ட தண்டனை காத்திருந்தது. சிகிச்சையே கேட்காமல் நேரே சிறைக்குப் போயிருந்தால் சீக்கிரம் வெளியே வந்திருப்பார் என்ற நிலையும் சிலருக்கு ஏற்பட்டது. கூட்டரசு நிதி, வன்முறை வழக்கு உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்றும் நிபந்தனை போட்டது. மிக மோசமாகச் சிக்கியவர்களில் பலர் அதனாலேயே வாசலில் நின்றார்கள்.

இதைவிடக் கொடிய தவறு மருந்து விஷயத்தில் நடந்தது. நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மருத்துவர்கள் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் 1960களின் நடுவிலேயே காட்டிவிட்டார்கள்: மெத்தடோன் என்ற மருந்தைத் தினமும் அளவாகக் கொடுத்தால் ஹெராயின் மீதான வெறி அடங்குகிறது, நோயாளி வேலைக்குப் போகிறார், குடும்பத்தோடு வாழ்கிறார். 2002இல் ப்யூப்ரெனார்ஃபின் என்ற இன்னொரு மருந்துக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் போதை நீதிமன்றங்கள் பலவற்றில் மெத்தடோனும் ஒரு போதைதான், அதையும் விட்டால்தான் சுத்தம் என்றார்கள். மருத்துவர் எழுதிய மருந்தை நீதிபதி நிறுத்தினார். சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை விட்டால்தான் ஜாமீன் என்று எந்த நீதிபதியாவது சொல்வாரா? நியூயார்க் மாநிலத்தில் அப்படி மெத்தடோனை நிறுத்தச் சொல்லப்பட்ட இளைஞர் ஒருவர் 2014 ஜனவரியில் மிகையளவு போதையால் இறந்தார். அவரது பெற்றோர் தங்கள் துக்கத்தை வெளியில் பேசினார்கள். மறு ஆண்டு அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. மருந்து எடுப்பவர்களைத் தடுக்கும் நீதிமன்றங்களுக்குத் தன் நிதி கிடையாது என்று கூட்டரசும் 2015இல் சொன்னது. 2022இல் கூட்டரசு நீதித்துறை ஒரு படி மேலே போய், அது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையே மீறும் செயல் என்று அறிவித்தது.

சில நாள் சிறை என்ற கண்டிப்பும் பார்ப்பதற்கு லேசானது, உயிருக்கு அப்படியல்ல. வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 முதல் 2003 வரை வெளியே வந்த 30,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு 2007இல் வெளியானது. விடுதலையான முதல் இரண்டு வாரத்தில், மிகையளவு போதையால் அவர்கள் சாகும் ஆபத்து பொதுமக்களைவிட 129 மடங்கு. காரணம் எளிது. உள்ளே இருக்கும்போது உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்தவர் பழைய நினைப்பில் பழைய அளவையே எடுக்கிறார். பாடம் புகட்ட உள்ளே வைத்த நாட்கள்தான் அவரைக் கொல்கின்றன. அதிலும் ஃபென்டனில் என்ற வீரியமிக்க போதைப்பொருள் வந்த பிறகு நிலைமை முற்றிலும் வேறு. உப்புக்கல் அளவு பொருள் போதும், இரண்டாவது வாய்ப்பு இல்லை. 2021இல் அமெரிக்காவில் மிகையளவு போதையால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இந்தக் கணக்கு முகத்தில் அறைந்த இடம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம். அங்கே நல்ல போதை நீதிமன்றம் ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் ஒரே வாரத்தில் மூன்று பேர், அடுத்த விசாரணைத் தேதி வருவதற்குள் இறந்துபோனார்கள். வழக்கு உயிரோடு இருந்தது, வழக்குக்குரியவர் இல்லை. 2017 மே மாதம் ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்ட் வகைப் போதைக்கென்றே அந்நகரம் தனி நீதிமன்றம் தொடங்கியது. அதை நடத்திய நீதிபதி க்ரெய்க் ஹன்னா தானும் இளமையில் போதையில் சிக்கி மீண்டவர். அதை மறைக்காமல் சொல்பவர்.

அங்கே வரிசையே தலைகீழாகிவிட்டது. கைதான சில மணி நேரத்தில் சிகிச்சை தொடங்கும். வழக்கை அரசுத் தரப்பு ஓரமாக நிறுத்தி வைக்கும். குற்றவாளியா இல்லையா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் 30 நாள் அவர் தினமும் காலையில் நீதிபதி முன்னால் வந்து நிற்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே போகக் கூடாது. மருந்து வேண்டுமென்றால் மருந்து. தினமும் வரச் சொல்வது ஏன்? ஒரு நாள் வராவிட்டால் அன்றே தேடலாம். மயாமி நீதிபதி சோதனை முடிவைக் கேட்டார். பஃபலோவில் ஆள் வந்து நிற்கிறாரா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

பஃபலோ தனித்து நின்றுவிடவில்லை. சிகிச்சை நீதிமன்றங்களின் தேசிய அமைப்பான ஆல் ரைஸ் 2023இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறை, நோய் இன்னும் நிலைப்படாதவர் மறுபடி போதை எடுத்தால் அதற்குத் தண்டனை தராதீர்கள், சிகிச்சையை மாற்றுங்கள் என்கிறது. 1960இல் ஒரு பொருக்கைப் பார்த்து 90 நாள் கொடுத்த நாடு அந்த இடத்துக்கு வர அறுபது ஆண்டுக்கு மேலாகியிருக்கிறது. எல்லா ஊர் நீதிபதிகளும் அதைப் பின்பற்றுகிறார்களா என்றால், இல்லை.

இதையெல்லாம் தூர தேசத்துக் கதையாகப் படித்துவிட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. நம் நாட்டில் இப்படிச் சிகிச்சை தரும் போதை நீதிமன்றம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆனால் வழி சட்டத்திலேயே இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு. போதைக்கு அடிமையான ஒருவர், போதைப்பொருள் எடுத்த வழக்கிலோ சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலோ சிக்கியிருந்து, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர்மீது அந்த வழக்கு நடத்தப்படாது. 39ஆம் பிரிவு இன்னொரு வழி. குற்றம் நிரூபணமான பிறகும் உடனே சிறைக்கு அனுப்பாமல், அவர் சம்மதத்தோடு பிணைப் பத்திரத்தில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் தருகிறது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை, ஹெராயினில் ஐந்து கிராம் வரை சிறிய அளவு.

வழி இருக்கிறது, அதில் நடப்பவர் இல்லை. பஞ்சாபில் 2013 முதல் 2015 வரையிலான வழக்குகளை ஆராய்ந்த ‘விதி’ என்ற சட்டக் கொள்கை மையம், நீதிமன்றம் முன் வந்த அடிமைகளில் ஒருவர்கூடச் சிகிச்சைக்கு அனுப்பப்படவில்லை என்று கண்டது. சிகிச்சை தெரியாத நாடும் அல்ல இது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, மயாமி நீதிமன்றத்துக்கு ஒன்பது ஆண்டு மூத்தது. மருத்துவமனை ஒரு பக்கம், நீதிமன்றம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் நடந்துபோக யாரும் பாதை போடவில்லை.

நம் சட்டத்திலும் அந்தப் பழைய கேள்விக்கான பதில் இன்னும் பழையதுதான். சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் 64ஏ தந்த பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். பாதியில் விட்டவர் மறுபடி வந்து சேர எத்தனை முறை இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் பேசவில்லை. திருத்தம் வர வேண்டிய இடம் அது. அதுவரை இருக்கும் சட்டத்தையாவது பயன்படுத்துவோம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பையன் சின்னப் பொட்டலத்தோடு பிடிபட்டால், அவனுக்கு அந்தப் பழக்கம் நோயாகியிருந்தால், ஊர் என்ன சொல்லும் என்று வாய்மூடி இருந்துவிடாதீர்கள். முதல் வாய்தாவிலேயே வழக்கறிஞரிடம் 64ஏ, 39 என்ற இந்த இரண்டு எண்களைச் சொல்லிக் கேளுங்கள். அரசு அங்கீகாரம் உள்ள மருத்துவமனையில் சேர்த்து, சேர்த்ததற்கான சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அவன் மறுபடி ஆரம்பித்துவிட்டால், மறுபடியும் கூட்டிக்கொண்டு போங்கள்.